அவள் என்ன வேலை செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமணப் பதிவில் தாய்க்கு இடம் கிடைத்தது 2021 மே 4ஆம் தேதிதான். பதிவுமுறை தொடங்கியதோ 1837இல். மணமகனின் தந்தை பெயர், அவர் தொழில். மணமகளின் தந்தை பெயர், அவர் தொழில். 184 ஆண்டுகள் பெற்றோருக்கென்று இருந்தவை இந்த நான்கு கட்டங்கள்தான். காகிதத்தில் இடம் போதவில்லை என்று நம்பிவிடாதீர்கள். எல்லைக்கு வடக்கே, ஸ்காட்லாந்தில், 1855 முதல் தாயின் பெயரை அவள் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரோடு எழுதி வந்தார்கள். அதே அரசி, அதே மை. வடக்கே முடிந்தது தெற்கே முடியாமல் போகவில்லை. தேவையென்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வம்சாவளி தேடுவது இன்று அந்த நாட்டில் பெரிய பொழுதுபோக்கு. நல்ல வியாபாரமும்கூட. ஷெஃபீல்டு போன்ற தொழில்நகரத்தில் இந்தத் தேடலுக்குத் தனிச் சுவை உண்டு. ஐந்து ஆறுகள், ஆற்று நீரில் சுழன்ற சாணைக்கற்கள், உலகமெங்கும் போன கத்தியும் கத்தரிக்கோலும். பாட்டன் சாணை பிடித்தவர், முப்பாட்டன் கத்திக் கொல்லர், அவருடைய அப்பா அரம் வெட்டியவர் என்று ஒரு தொழிலாளிக் குடும்பம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம். (முன்னோர் என்ன தொழில் செய்தார்கள் என்ற கேள்வியை நம் ஊரில் இத்தனை களங்கமில்லாமல் கேட்க முடியாது. இங்கே அது சாதியை விசாரிப்பதற்கான மரியாதையான வழி. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) அந்தப் பெருமையில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. அந்தக் குடும்ப மரத்தில் ஆண்களுக்கு மட்டும் கைகள் இருப்பதும், பெண்களுக்கு வயிறு மட்டும் இருப்பதும்தான் என் வழக்கு.

அரம் வெட்டுவதையே எடுத்துக்கொள்வோம். அம்மி பொளிவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். இரும்பறுக்கும் அரத்தின் ஒவ்வொரு பல்லையும் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்து, ஒன்றன்பின் ஒன்றாக, ஆயிரக்கணக்கில் வெட்ட வேண்டும். ஒரு பக்கம் வெட்டி முடித்துத் திருப்பிப் போட்டால் அந்தப் பற்கள் மழுங்கிவிடும் என்பதால் அரத்துக்குக் கீழே காரீயத்தால் ஒரு மெத்தை. அடி விழ விழக் காரீயத் தூள் எழும். விரலை எச்சில் தொட்டுத் தொட்டு உளியைப் பிடிப்பார்கள். ஈறில் நீலக்கோடு, வயிற்றில் முறுக்கு வலி, கடைசியில் தூக்க முடியாமல் தொங்கிப்போகும் மணிக்கட்டு. சிறிய, நுணுக்கமான அரங்களைப் பெண்களும் பிள்ளைகளும் வீட்டிலும் வீட்டை ஒட்டிய கொட்டகையிலும் வெட்டினார்கள். சமைத்த கையும் பிள்ளைக்கு ஊட்டிய கையும் அதுதான். கையால் அரம் வெட்டும் தொழிலுக்கென்று அரசு தனி விதிகள் போட்டது 1903இல். அதற்குள் அந்த வேலையை இயந்திரங்கள் பெருமளவு எடுத்துக்கொண்டிருந்தன.

இந்தப் பெண் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என்னவாக இருக்கிறாள்? பெரும்பாலும் ஒரு வெற்றுக் கட்டமாக. அது தற்செயல் அல்ல. 1841 கணக்கெடுப்பில் கணக்கெடுப்பாளர்களுக்குத் தரப்பட்ட அறிவுரை வெளிப்படையானது: கணவனோடு அல்லது பெற்றோரோடு வாழ்ந்து, கூலி வாங்காமல் அவர்களுக்கு உதவும் மனைவி, மகன், மகள் ஆகியோரின் தொழிலை எழுத வேண்டியதில்லை. 'உதவும்' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அரங்களுக்கான கூலி கணவன் பெயரில் வந்தது. ஆகவே அவள் செய்தது உதவி. அவன் கூலியை அவள் சுத்தியல் பாதி ஈட்டியிருந்தாலும் உதவிதான்.

1851இல் காற்று கொஞ்சம் மாறியது. வீட்டுவேலை அல்லாத வேலையைப் பெண்கள் வழக்கமாகச் செய்தால் தெளிவாக எழுதச் சொன்னார்கள். கசாப்புக்கடைக்காரர், செருப்புத் தைப்பவர், விடுதி நடத்துபவர் ஆகியோரின் மனைவியரை அந்தந்தத் தொழிலிலேயே சேர்த்து எண்ணினார்கள். 1881இல் அதையெல்லாம் விட்டுவிட்டு, வீட்டிலிருக்கும் மனைவியரைத் 'தொழிலற்றோர்' வகுப்புக்குத் தள்ளினார்கள். அந்த முப்பது ஆண்டுகளில் எந்தப் பெண்ணும் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளவில்லை. எண்ணிய அலுவலகம் தலைப்பை மாற்றியது. லட்சக்கணக்கான பெண்கள் ஒரே நாளில் வேலையற்றவர்கள் ஆனார்கள்.

'ஆவணம் இருப்பதைத்தானே எழுத முடியும், யூகித்தா எழுதுவது?' என்று ஆய்வாளர்கள் கேட்பார்கள். கறாரான கேள்விபோல் ஒலிக்கும். ஆனால் அதே ஆய்வாளர்தான் வெற்றுக் கட்டத்தைக் கண்டவுடன் 'இல்லத்தரசி' என்று எழுதிக்கொள்கிறார். அது யூகம் இல்லையா? வெற்றிடத்தை 'வேலை செய்யவில்லை' என்று படிப்பதற்கு எந்த ஆவணம் ஆதாரம்? நேர்மையாக எழுத விரும்பினால் 'கேட்கப்படவில்லை' என்று எழுதுங்கள். 1841 அறிவுரையின்படி அதுதான் உண்மை.

பெண்ணிடம் எதையுமே கேட்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1911இல் ஒன்றை மிகவும் அக்கறையாகக் கேட்டார்கள். திருமணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இன்று இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை. வீட்டில் சமையலும் துப்புரவும் மட்டும் செய்யும் மனைவிக்குத் தொழில் கட்டத்தை நிரப்ப வேண்டாம். கருப்பைக்குக் கணக்குக் கட்டாயம். வாக்கில்லாதவர்களை எண்ணாதே என்று வாக்குரிமைப் போராளிகள் பலர் அந்தக் கணக்கெடுப்பையே புறக்கணித்ததில் வியப்பென்ன? ஏப்ரல் 2 இரவு எமிலி டேவிசன் நாடாளுமன்ற வளாகத்துத் தேவாலயத்தின் அலமாரிக்குள் ஒளிந்திருந்தார்.

ஷெஃபீல்டில் அந்த 'இறந்தவர்கள்' கட்டத்தைப் படிக்கும்போது காரீயத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காரீயம் கருவைக் கலைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், குழாய்களின் காரீயம் அந்நகரின் குடிநீரில் கரைந்து பலரை நோயாளியாக்கியது. அதைக் குடித்த கர்ப்பிணிகளுக்குக் கரு தங்கவில்லை. பெண்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். புண்ணுக்குப் போடும் டயாகிலான் என்ற காரீயக் களிம்பு மருந்துக்கடையில் மலிவாகக் கிடைத்தது. அதையே மாத்திரையாக உருட்டி விழுங்கினார்கள். ஷெஃபீல்டு மருத்துவர் ஆர்தர் ஹால் 1905இல் இதை மருத்துவ இதழில் எழுதினார். எழுதியது மருத்துவர். கண்டறிந்தது, எந்தக் கட்டத்திலும் தொழில் எழுதப்படாத பெண்கள். இன்னொரு பிள்ளைக்குச் சோறில்லை என்பதை எந்தப் படிவமும் கேட்காதபோது, தங்கள் உடம்பிலேயே அதற்குப் பதில் எழுதினார்கள். சிலர் அதில் செத்தும் போனார்கள்.

கட்டத்தில் ஏறிய பெண்களும் உண்டு. கரண்டிக்கும் கத்திக்கும் மெருகேற்றிய 'பஃபர்' பெண்கள் தொழிற்கூடத்துக்குப் போய்க் கூலி வாங்கியதால் பதிவில் வந்தார்கள். மணலும் எண்ணெயும் தெறிக்கும் சக்கரத்தின் முன்னால் நாள் முழுக்க நின்று, தலைக்குத் துணி, கழுத்துக்குச் சிவப்புக் கைக்குட்டை, உடையின் மேல் பழுப்புக் காகிதம் சுற்றி வேலை செய்தார்கள். ஊர் அவர்களைப் பற்றி ஞாபகம் வைத்திருப்பது அவர்களுடைய வாயும் சிரிப்பும்தான். இரண்டு உலகப்போர்களிலும் எஃகு ஆலைகளில் ஆண்களின் இடத்தில் நின்றவர்களுக்கு, போர் முடிந்ததும் வேலையும் முடிந்தது. இரண்டாம் போரின்போது வேலை செய்து, எண்பதும் தொண்ணூறும் கடந்த நான்கு பெண்கள் கேட்டுக் கேட்டு, 2016இல் நகரமன்றக் கூடத்தின் முன்னால் 'எஃகுப் பெண்கள்' சிலை வந்தது. சிலை நல்லதுதான். ஆனால் 1624இல் தொடங்கிய கத்திக்கொல்லர் சங்கத்தின் தலைமையில் ஒரு பெண் அமர 1998 வரை ஆயிற்று என்பதையும் சிலைக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1931 கணக்கெடுப்பு ஏடுகள் தீயில் எரிந்தன; 1941இல் கணக்கெடுப்பே இல்லை. அதனால் தேடுபவர்கள் எல்லாரும் 1939 செப்டம்பர் 29இன் பதிவேட்டில் போய் விழுகிறார்கள். அதில் பக்கம் பக்கமாக மனைவியருக்கு ஒரே தொழில்: 'ஊதியமில்லாத வீட்டுப்பணி'. எனக்குப் பிடித்த அரசாங்கச் சொற்றொடர் இது. அது பணி என்பதையும், அதற்கு ஊதியம் தரவில்லை என்பதையும் அரசே தன் கைப்பட ஒப்புக்கொண்டிருக்கிறது. பின்னாளில் திருமணமான பெண்களின் பழைய குடும்பப்பெயரை அடித்து, மேலே கணவன் பெயரை எழுதியிருப்பதையும் அதே பக்கங்களில் காணலாம்.

இந்த எண்ணும் முறையைத்தான் அவர்கள் கப்பலேற்றி நமக்கும் கொண்டுவந்தார்கள். விடுதலை பெற்ற பிறகும் நாம் அதைக் கழுவவில்லை. 2001 கணக்கெடுப்பில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் 'வேலை செய்யாதோர்' பட்டியலில், பிச்சைக்காரர், கைதி, பாலியல் தொழிலாளி ஆகியோருடன் வைக்கப்பட்டார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. அது ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கு. இறந்தவள் இல்லத்தரசி, அவள் உழைப்புக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி. (அந்தப் பட்டியலில் இருந்த மற்றவர்கள் உழைக்கவில்லை என்று யார் முடிவு செய்தது என நீதிமன்றம் கேட்கவில்லை. நாம் கேட்கலாம்.)

மாணவிகளே, உங்கள் வீட்டு மரத்தை வரையும்போது பாட்டியின் பெயருக்குக் கீழே கோடு போட்டு விட்டுவிடாதீர்கள். அவள் உயிரோடு இருந்தால் நெல் அவித்தாளா, பீடி சுற்றினாளா, தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தாளா என்று கேட்டு எழுதுங்கள். 'உதவியாக இருந்தேன்' என்பாள். எத்தனை மணிநேரம், கூலி யார் கைக்குப் போனது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது, பதில் சொல்ல அப்பாவையோ அண்ணனையோ அனுப்பாமல் வாசலுக்கு நீங்களே போங்கள்.