எரிமலைக்கு ரயில் போகலாம், சைக்கிள் மட்டும் போகக் கூடாதா?

போன பதிவில் ஜி.எஸ்.டி. பற்றி மொக்கை போட்டதுக்கு வகுப்பில் வாங்கிய கட்டு இன்னும் ஆறவில்லை. அதனால் இந்தத் தடவை கணக்கு வழக்கு கொஞ்சம்தான், கோபம்தான் ஜாஸ்தி.

விஷயம் இதுதான். பிரான்சின் நடுவில் ஓவெர்ன் என்று ஒரு எரிமலை நாடு இருக்கிறது. அங்கே கிளெர்மோன்-ஃபெரான் நகரத்துக்கு மேற்கே, 1465 மீட்டர் உயரத்தில் புய்-தெ-தோம் என்கிற மலை. உச்சி வரை தார் ரோடு உண்டு. அந்த ரோட்டில் 2012-இல் இருந்து சைக்கிளுக்குத் தடை. இந்தத் தடை தப்பு, முழுசாக இல்லாவிட்டாலும் வாரத்தில் சில காலை நேரங்களுக்காவது அதை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

"பாண்டிச்சேரியில் பி.காம். படிக்கிறவனுக்கு ஓவெர்னில் என்னடா வேலை?" என்று கேட்பீர்கள். எங்க ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சித்தப்பா குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள், கிளெர்மோனில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறார்கள். போன வருஷம் லீவுக்கு அங்கே போயிருந்தேன். சித்தப்பா ஒரு சைக்கிள் பைத்தியம். அவருடைய பழைய சைக்கிளில் நானும் மூச்சு வாங்க வாங்க மலை அடிவாரம் வரை போனேன். அங்கே தடுப்பு. தடைப் பலகை. பக்கத்தில் பல்சக்கர ரயில் ஜம்மென்று மேலே போய்க்கொண்டிருக்கிறது.

"இதுக்கு மேல நமக்கு இல்லடா, வா திரும்பலாம்" என்றார் சித்தப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு ஏறிக்கொண்டது.

முதலில் மலையைப் பற்றிக் கொஞ்சம். சுமார் எண்பது எரிமலைகள் வடக்கு தெற்காக வரிசை கட்டி நிற்கிற தொடரில் இதுதான் உயரம். பதினோராயிரம் வருஷத்துக்கு முன்னால், வழிந்தோட முடியாத அளவு கெட்டியான குழம்பு மேலெழும்பி அப்படியே உறைந்து போனது. அதனால்தான் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி இருக்கிறது. ரோடும் நம்ம மலைகளில் மாதிரி கொண்டை ஊசி வளைவுகளாகப் போகாது. மலையைச் சுற்றிச் சுற்றி, திருகாணி மாதிரி ஏறும். கடைசி நாலு கிலோமீட்டரில் சராசரி ஏற்றம் கிட்டத்தட்ட 12 சதவீதம். நூறு மீட்டர் மிதித்தால் பன்னிரண்டு மீட்டர் உயர்ந்திருப்பீர்கள். மூச்சு விட ஒரு சமதளம் கூடக் கிடையாது.

டூர் தெ பிரான்ஸ் முதன்முதலாக மலை உச்சியில் முடிந்தது 1952-இல். அந்த வருஷம் ஆல்ப் துவேஸ், புய்-தெ-தோம் இரண்டிலும் ஜெயித்தவர் இத்தாலியின் ஃபௌஸ்தோ கோப்பி. 1964-இல் இதே ரோட்டில் அன்க்தீலும் புலிதோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஏறிய படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். அன்று புலிதோர் 42 விநாடி சம்பாதித்தார், ஆனாலும் மஞ்சள் சட்டை 14 விநாடியில் அன்க்தீலிடமே தங்கிவிட்டது. புலிதோர் தன் வாழ்நாளில் அந்தச் சட்டையை ஒரு நாள் கூடப் போடவில்லை. 1975-இல் எடி மெர்க்ஸ் ஒரு பார்வையாளரிடம் குத்து வாங்கியதும் இங்கேதான். 1988-க்கு அப்புறம் 35 வருஷம் டூர் இந்தப் பக்கமே வரவில்லை.

ஆல்ப் துவேஸுக்கு இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் சைக்கிளில் போகலாம். கோப்பி ஏறிய அதே வளைவுகளில் நீங்களும் நாக்குத் தள்ளலாம். அவர் ஏறிய இன்னொரு மலைக்கு மட்டும் பூட்டு.

2012-இல் பல்சக்கர ரயில் வந்தது. பழைய ரோட்டின் அகலத்தில் ஒரு பகுதியைத் தண்டவாளம் எடுத்துக்கொண்டது. மிச்சமிருக்கிற ஒடுக்கமான ரோடு பராமரிப்புக்கும் அவசரத்துக்கும் மட்டும். அதற்கு முன்பு சைக்கிள்காரர்களுக்கு எல்லா நாளும் திறந்திருந்தது என்று நான் கதை விடமாட்டேன். குறிப்பிட்ட நாட்களில், காலையில் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரமும் போயிற்று. அமைப்பாளர்கள் நடத்துகிற விசேஷ நிகழ்ச்சிகளை விடுங்கள், நான் பேசுவது சாதாரண நாளில் வருகிற சாதாரண ஆளைப் பற்றி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடிவாரத்து நகரம் மிஷ்லன் டயர் பிறந்த ஊர். சைக்கிளில் இருந்து சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய காற்று டயரை 1891-இல் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அதே வருஷம் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் ஜெயித்தது அந்த டயரில்தான். இதே மலை உச்சியில் விமானத்தை இறக்குபவருக்கு அவர்கள் பரிசு அறிவிக்க, 1911-இல் யூஜீன் ரெனோ பாரிஸ் பக்கமிருந்து பறந்து வந்து இறக்கியும் காட்டினார். அதற்கும் முன்னால் 1648-இல், பாஸ்கல் சொன்னதைக் கேட்டு அவருடைய மைத்துனர் பெரியே பாதரசக் குழாயோடு ஏறி, மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதை அளந்தார். பாதரசம் ஏறியிருக்கிறது, விமானம் இறங்கியிருக்கிறது, ரயில் போகிறது. டயர் செய்த ஊரில் சைக்கிளுக்கு மட்டும் இடமில்லை!

சரி, எதிர்த்தரப்பு சொல்வதையும் பார்ப்போம்.

ஒன்று, பாதுகாப்பு. ரோடு ஒடுக்கம், பக்கத்தில் தண்டவாளம், 12 சதவீத இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் கதை முடிந்தது. இது நியாயமான பயம்தான். ஆனால் ஆபத்து முக்கியமாக இறங்கும்போது, ஏறும்போது அல்ல. மணிக்கு எட்டு கிலோமீட்டரில் முக்கிக்கொண்டு போகிறவன் யாரை மோதப் போகிறான்? முதல் ரயில் கிளம்பும் முன் ஏற விடுங்கள். இறங்குவதற்கு ரயிலிலேயே சைக்கிளுக்கும் சேர்த்து டிக்கெட் போடுங்கள். ஹவாயில் ஹலேயகலா எரிமலையில் சுற்றுலாக் குழுக்களை வேனில் ஏற்றிப் போய் உச்சியிலிருந்து சைக்கிளில் இறக்கிவிடும் வியாபாரத்தில் உயிர்கள் போயின. 2007-இல் தேசியப் பூங்கா அந்தக் குழுக்களை நிறுத்தியது. சொந்தக் காலால் ஏறி வருகிறவர்களை நிறுத்தவில்லை. ஆபத்து எங்கே என்று பார்த்து அதை மட்டும் வெட்டினார்கள்.

இரண்டு, இயற்கை. இந்தத் தொடர் 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உச்சிக்குக் காரும் பஸ்ஸும் போவதை நிறுத்தியது நல்ல காரியம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் சைக்கிள் புகை விடாது. ஏற்கெனவே போட்டிருக்கிற தார் மேல்தான் போகும், சரிவு மண்ணைக் கிளறாது. காரைத் தடுக்கச் சொன்ன காரணத்தைச் சைக்கிள் மேல் தூக்கிப் போடுவது என்ன நியாயம்?

மூன்று, "வேற ரோடா இல்ல?" இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். புய்-தெ-தோம் காலடியிலேயே 1078 மீட்டரில் செஸ்ஸா கணவாய். தெற்கே சான்சி பக்கம் போனால் ஏரியோரமாகப் போகும் கெரி, 1401 மீட்டர் க்ருவா-மொரான், 1451 மீட்டர் க்ருவா-சேன்-ரொபேர். இன்னும் தெற்கே கந்தால். அது ஒரு பிரம்மாண்டமான பழைய எரிமலை, பனியாறுகள் அறுத்த பள்ளத்தாக்குகள் நடுவிலிருந்து சக்கர ஆரங்கள் மாதிரி பிரிந்து போகும். அங்கே 1588 மீட்டரில் பா-தெ-பெய்ரோல், கடைசி இரண்டு கிலோமீட்டர் 10 சதவீதத்துக்கு மேல். குளிர்காலத்தில் பனியால் மூடிவிடுவார்கள். 2024-இல் வின்கெகோர் பொகாச்சாரை முந்தி ஜெயித்த கட்டத்தில் இந்தக் கணவாயும் உண்டு. எல்லாமே அருமையான ரோடுகள்தான். ஆனால் பக்கத்துத் தெருவில் கோயில் இருக்கிறது என்பதற்காக இந்தக் கோயிலைப் பூட்டலாமா?

நான்கு, பணம். இதை யாரும் வெளியே சொல்வதில்லை, நம்ம பாடம் என்பதால் நானே சொல்கிறேன். சைக்கிளை விட்டால் ரயில் வருமானம் குறையுமா? 12 சதவீதத்தில் ஒரு மணி நேரம் வேர்க்க ஆசைப்படுகிறவனும் கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போக டிக்கெட் வாங்குகிறவனும் வேறு வேறு சந்தை. முதலாமவனைத் தடுத்தால் அவன் இரண்டாமவனாக மாறமாட்டான், வேறு மலைக்குப் போய்விடுவான். அவன் தங்கும் அறை, தின்னும் சாப்பாடு, மாற்றும் டியூப் எல்லாம் அவனோடு போய்விடும். இறங்க டிக்கெட் வாங்க வைத்தால் ரயிலுக்கு லாபமே.

இப்போது சித்தப்பா வீட்டுக்கு வருகிறேன். 2008-இல் பெரிய பையனுக்குப் பதினாறு வயசு. அவனைக் கூட்டிக்கொண்டு சித்தப்பா அந்தக் காலை நேரத்தில் உச்சி வரை ஏறினார். உச்சியில் எடுத்த போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது. சின்னவனுக்கு அப்போது ஐந்து வயசு. "உனக்குப் பதினாறு ஆகட்டும், உன்னையும் கூட்டிப் போறேன்" என்று சொல்லி வைத்திருக்கிறார். அவனுக்குப் பதினாறு ஆனபோது ரோடு மூடி ஏழு வருஷம் ஆகியிருந்தது.

2023 ஜூலை 9-ஆம் தேதி டூர் திரும்ப வந்தது. மைக்கேல் வுட்ஸ் ஜெயித்தார். இடம் இல்லாததால் கடைசி நாலு கிலோமீட்டரில் பொதுமக்களையே விடவில்லை. வீரர்கள் தண்டவாளத்தை ஒட்டி, கைதட்ட ஆளில்லாமல் ஏறினார்கள். வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிற மலையை, சித்தப்பாவும் சின்னவனும் டிவியில் பார்த்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒருத்தனுக்கு மட்டும் மலை.

ஒரு நாள் டூருக்காகத் திறக்க முடிகிற ரோட்டை, வாரம் இரண்டு காலை அந்த ஊர்க்காரனுக்காகத் திறக்க முடியாதா? ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள், முன்பதிவு வையுங்கள், காசு கூட வாங்குங்கள். "முடியவே முடியாது" என்பது மட்டும் நிர்வாகம் ஆகாது, அது சோம்பேறித்தனம்.

சித்தப்பாவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. இன்னும் எத்தனை வருஷம் 12 சதவீதம் ஏறுவார் என்று தெரியாது. சீக்கிரம் திறங்கய்யா.

டிஸ்கி: நாளைக்கே திறந்தாலும் கடைசி நாலு கிலோமீட்டரை நான் தள்ளிக்கொண்டுதான் போவேன். அதைச் சொல்லிக் கலாய்க்க நினைப்பவர்கள் தாராளமாகக் கலாய்க்கலாம். தடையை ஆதரிப்பவர்கள் மட்டும் காரணத்தோடு வரவும் :-)