யாருடைய ஆயுள்?

பழைய மெட்டல் டிடெக்டரை விடாமல் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு ரெடிமேட் விளக்கம் உண்டு: நாஸ்டால்ஜியா. வினைல் ரெக்கார்டு, டைப்ரைட்டர், ஃபிலிம் கேமரா வரிசையில் இதையும் சேர்த்துவிட்டு, "பாவம், வயசானவங்க, பழக்கத்தை விட முடியல" என்று ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுவது. இந்த விளக்கம் சோம்பேறித்தனமானது மட்டுமல்ல, சிலருக்கு லாபமானதும்கூட என்பதே என் கட்சி.

நமக்கு மெட்டல் டிடெக்டர் என்றால் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நிற்கும் கதவுச்சட்டம்தான். எல்லாருக்கும் கத்தும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் பேசுவது வேறு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வார இறுதிகளில் வயலிலும் கடற்கரையிலும் ஒரு தண்டின் முனையில் காயிலை மாட்டி, தரையை ஒட்டி இடமும் வலமும் வீசிக்கொண்டே மணிக்கணக்காக நடக்கிறார்களே, அந்தக் கருவி.

அதில் ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். டெசோரோ. ஸ்பானிய மொழியில் புதையல் என்று அர்த்தம். ஜாக் கிஃபோர்ட் 1980இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம். அரிசோனாவின் பிரெஸ்காட்டில் இருந்தது. அதன் கம்பாத்ரே என்ற மாடலில் திரை கிடையாது, மெனு கிடையாது. ஒரு திருகு, ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஸ்பீக்கர். அவ்ளோதான். நிறுவனம் 2018இல் மூடப்பட்டது. கருவிகள் இன்னும் வயல்களில் நடமாடுகின்றன. ஏன்?

முதல் காரணம் இயற்பியல். ஒரு காயில் மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகத்தில் சுழல் மின்னோட்டம் கிளம்புகிறது. அது தன் பங்குக்கு ஒரு சின்ன காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்ப, இன்னொரு காயில் அதைப் பிடிக்கிறது. போகும்போதும் வரும்போதும் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பத் தேய்வதால், சின்ன நாணயம் ஒன்று ஆழத்தில் கிடந்தால் சிக்னல் ஏறக்குறைய தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பச் சுருங்குகிறது. ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் 64இல் ஒரு பங்கு. இந்தக் கணக்கை எந்த மார்க்கெட்டிங் டீமும் மாற்ற முடியாது. புது மாடலுக்குப் பத்து மடங்கு விலை கொடுத்தால் பத்து மடங்கு ஆழம் கிடைக்காது. இரண்டு மடங்கு கிடைத்தாலே அதிசயம்.

ஆழம் இல்லையென்றால் எதை விற்பது? திரையை. புதுக் கருவி ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு எண் காட்டுகிறது. இந்த எண்ணா, வெள்ளிக்காசு. அந்த எண்ணா, குப்பை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கருவி அளப்பது வெள்ளியையோ தங்கத்தையோ அல்ல. திரும்பி வரும் சிக்னல் எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை மட்டும். அது உலோகத்தின் மின்கடத்து திறன், அளவு, வடிவம் எல்லாம் கலந்த விஷயம். ஒரு சின்னத் தங்க மோதிரமும் பழைய சோடா டின்னில் இருந்து பிய்த்துப்போட்ட அலுமினிய வளையமும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். 'குப்பை' என்று திரை சொன்னதை நம்பிக் கடந்து போகிறவர், மோதிரத்தையும் கடந்துதான் போகிறார்.

பழைய கருவி மட்டும் இதைக் கண்டுபிடித்துவிடுமா? கண்டுபிடிக்காது. அதுவும் அதே இயற்பியலின் அடிமை. வித்தியாசம், அது தெரிந்ததுபோல நடிக்காது. சத்தம் வந்ததும் நின்று, கட்டைவிரலால் திருகை மெல்லத் திருப்பி, சத்தம் எந்த இடத்தில் உடைகிறது, எந்த இடத்தில் மறைகிறது என்று கேட்பார்கள். ஓரம் கரகரப்பாக இருந்தால் துருப்பிடித்த இரும்பு என்று ஒரு சந்தேகம். வழவழப்பாக வந்தால் ஒரு நம்பிக்கை. முடிவு எடுப்பது காது. தப்பாகத் தோண்டினாலும் அது உங்கள் தப்பு, அதில் இருந்து அடுத்த தடவைக்கு ஏதோ ஒன்று கற்றுக்கொள்கிறீர்கள். திரையின் தப்பில் இருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஏனென்றால் தோண்டாமல் விட்டது என்னவென்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. ஈரமான உப்புக் கடற்கரையில் ஒற்றை அதிர்வெண் கருவி திணறும். பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் புதுக் கருவி அங்கே நிஜமாகவே கெட்டி. ஆணிகள் சிதறிக்கிடக்கும் இடத்தில், ஆணிக்குப் பக்கத்திலேயே இருக்கும் காசைப் பிரித்துக் காட்டுவதிலும் வேகமான பிராசசர் உதவும். அந்த வேலைக்கு அதை வாங்குங்கள், சந்தோஷம். பழசு எல்லாமே உசத்தி என்று பாடுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

அவர்களுக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 2009 ஜூலையில் டெர்ரி ஹெர்பர்ட் என்பவர் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷையரில் ஒரு வயலில் ஆங்கிலோ-சாக்சன் தங்கக் குவியலைக் கண்டெடுத்தார். அதன் மதிப்பு 32,85,000 பவுண்டு என்று நிர்ணயித்தார்கள். அவர் கையில் இருந்தது 14 வருடப் பழைய டிடெக்டர் என்று செய்திகள் எழுதின. "பார்த்தியா, பழைய மெஷினோட பவரை!" என்பார்கள். இல்லை ஐயா. அந்தத் தங்கம் மேல்மண்ணிலேயே இருந்தது, புது மெஷினும் கத்தியிருக்கும். அந்தக் கதை சொல்வது வேறு: எந்த மெஷின் என்பதைவிட எந்த வயல் என்பதே பெரிய கேள்வி. அந்த வயலுக்கு உரிமையாளரிடம் அனுமதி வாங்கி இறங்கி நடந்த ஆள்தான் முக்கியம். அவர் கண்டதை அதிகாரிகளிடம் சொன்னதால்தான் தொல்லியலாளர்கள் வந்து முறையாகத் தோண்ட முடிந்தது. இதில் எதையும் ஃபர்ம்வேர் அப்டேட்டில் தர முடியாது.

நான் சாஃப்ட்வேர் எழுதிச் சம்பாதிப்பவன். எங்கள் தொழிலில் 'லெகஸி' என்பது கிட்டத்தட்ட ஒரு வசவு. உண்மையில் வேலை செய்துகொண்டே இருக்கும் கோடுக்குத்தான் அந்தப் பெயர் கிடைக்கிறது. வேலை செய்யாததை எப்போதோ அழித்திருப்போம். ஒழுங்காக ஓடுவதை 'பழசு' என்று அறிவிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அதை வைத்துப் பிழைப்பவனிடமா, அடுத்ததை விற்பவனிடமா? நாஸ்டால்ஜியா என்ற சொல் இந்தக் கேள்வியை அழகாக மூடிவிடுகிறது. வைத்திருப்பவனின் காரணத்தை அது வெறும் உணர்ச்சியாக்கிவிடுகிறது. அறிவு என்பது ஷோரூமில் மட்டும் இருப்பதுபோல ஆகிவிடுகிறது.

டெசோரோ தன் கருவியை முதலில் வாங்கியவருக்கு ஆயுள் உத்தரவாதம் கொடுத்தது. அந்த நாளில் பெரிய விஷயம். யாருடைய ஆயுள் என்பது 2018இல் தெரிந்தது: நிறுவனத்தின் ஆயுள். 1950இல் ஒரெகானில் தொடங்கிய ஒயிட்ஸ் எலக்ட்ரானிக்ஸ் 2020இல் மூடியது. இரண்டு இடத்திலும் மெஷின் முதலாளியைத் தாண்டி வாழ்கிறது. அனலாக் பலகையைத் திறந்தால் ஆப்-ஆம்ப், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் கண்ணுக்குத் தெரியும். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரு கை பார்க்கலாம். இன்று விற்கும் கருவியில் எல்லா அறிவும் ஒரு சிப்புக்குள் பூட்டிய ஃபர்ம்வேராக இருக்கிறது. அந்தக் கம்பெனி மூடினால் அதை யார் திறப்பது?

அதனால் கோரிக்கை எளிமையானது. 'ஆயுள்' என்று எழுதி விற்கும் எந்த நிறுவனமும், கடையை மூடும் நாளில் சர்க்யூட் வரைபடத்தையும் ஃபர்ம்வேர் மூலத்தையும் பொதுவில் வைத்துவிட்டுப் போகட்டும். டிடெக்டருக்கு மட்டுமல்ல, உங்கள் கையில் இருக்கும் போனுக்கும் இதே நியாயம்தான். அதைச் செய்யும்வரை, ஒற்றைத் திருகோடு வயலில் நடக்கும் அந்த மனிதரை ரசனைக்காரர் என்று கூப்பிடாதீர்கள். அவர் கணக்குப் பார்த்துத்தான் நடக்கிறார்.