கலங்கிய தண்ணீரும் என் அவசரமும்

இரண்டு மாதத்துக்கு முன் பேரனுக்கு ஒரு மீன்தொட்டி வாங்கினோம். அன்றைக்கே ஆறு தங்கமீன்களையும் விட்டோம். மூன்றாம் நாள் காலை பார்த்தால் தண்ணீர் அரிசி கழுநீர் மாதிரி வெளுத்திருந்தது.

ஆயுசெல்லாம் கிளார்க்காக இருந்தவன் நான். மேஜையில் ஒரு கோப்பு பாக்கி இருந்தாலும் தூக்கம் வராது. தண்ணீரை முழுக்க இறைத்தேன். கல்லையும் ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினேன். இரண்டே நாளில் மறுபடி வெள்ளை. மறுபடி இறைத்தேன். பத்தாம் நாள் நான்கு மீன்கள் செத்து மிதந்தன.

"தாத்தா, நீ கழுவினதாலயா செத்துச்சு?" என்று கேட்டான் பேரன். ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

புதுவையில் பிரெஞ்சில் படித்தவன் நான். 1877-ல் பாரிசில் ஷ்லோசிங், முண்ட்ஸ் என்ற இருவர் செய்த சோதனை அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மணல் நிரப்பிய குழாய் வழியே சாக்கடை நீரை விட்டார்கள். சுமார் இருபது நாள் அதிலிருந்த அம்மோனியா அப்படியே வெளிவந்தது. அதன்பின் நைட்ரேட்டாக மாறி வந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அந்த மாற்றம் நின்றது. அப்படியானால் வேலை செய்தது மணலில் குடியேறிய நுண்ணுயிர்கள்தான்.

நம் தொட்டியிலும் அதே கதை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு விஷம். அதை மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் பஞ்சிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் ஒவ்வொரு முறையும் அவற்றைத்தான் கழுவிக் கொட்டினேன். குழாய்த் தண்ணீரிலிருந்த குளோரின் மிச்சத்தையும் கொன்றிருக்கும். அந்த வெண்மை வேறு வகை நுண்ணுயிர்களின் கூட்டம். மிஞ்சிய தீனி குறைந்தால் சில நாளில் தானே அடங்கும்.

பக்கத்துத் தெருவில் பழவேற்காடு ஏரியில் வலை போட்டுப் பழகிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "ஏரித் தண்ணிய யாரு சார் மொத்தமா மாத்துனாங்க? முகத்துவாரம் வழியா கடல் கொஞ்சம் உள்ள வருது, கொஞ்சம் வெளிய போவுது. முகத்துவாரம் தூந்து போனாதான் எங்களுக்குக் கவலை" என்றார். அவர் சொன்னதுதான் சரியான வைத்தியம்.

கலங்கலை ஒரே நாளில் தெளியவைக்கும் மருந்துப் புட்டி தேவையில்லை என்பது என் கட்சி. தேற்றாங்கொட்டையும் படிகாரமும் குடத்துக்குச் சரி. மீன் வாழும் தொட்டிக்கு வேண்டாம். அவை கலங்கலை அடியில் படியவைக்கும், அம்மோனியாவைப் போக்காது.

அதற்காகக் கைகட்டி உட்காரவும் கூடாது. தொட்டி வைத்த அன்றே கலங்கினால் அது கழுவாத கல்லின் தூசி. கல்லை முதலிலேயே நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் உடனே கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள், ஒருநாள் திறந்துவைத்த தண்ணீராக இருக்கட்டும். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். ஃபில்டரை நிறுத்தாதீர்கள். பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒரு துண்டுப் பஞ்சு வாங்கிப் போட்டால் இன்னும் நல்லது.

பேரப்பிள்ளைகள் தொட்டி கேட்டால் வாங்கிக் கொடுங்கள். மீனை மட்டும் ஒரு மாதம் கழித்து விடுங்கள். அதுவரை தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு ஃபில்டர் ஓடட்டும். பிள்ளை அழுவான், பரவாயில்லை. செத்த மீனைப் பார்த்து என் பேரன் அழுததைவிட அது குறைவுதான்.

மிஞ்சிய இரண்டு மீன்களும் இப்போது தெளிந்த தண்ணீரில் சுற்றுகின்றன. வாரம் ஒருமுறை கால்பங்கு மாற்றுகிறோம். அளவுக்கோடு போட்ட வாளி பேரன் கையில்தான் இருக்கிறது. என்னிடம் தர மாட்டேன் என்கிறான்.