மாண்டிசோரி அம்மையாரும் நம் அங்கன்வாடிகளும்

தருமபுரி நகரத்து மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் காணப்படும் மாண்டிசோரி என்ற பெயர், கட்டணம் செலுத்த இயன்றவர்களின் குழந்தைகளுக்கே உரிய கல்விமுறையைக் குறிப்பதென்று நம்மில் பலர் எண்ணிவருவது, அந்த மாதரசியின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு வேதனை தருவதாகும். 1907 ஜனவரி 6ஆம் தேதி, ரோமாபுரியில் சான் லொரென்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கேட்பாரற்றுத் திரிந்த குழந்தைகளுக்காகவே அவர் தமது முதல் பாலர் இல்லத்தைத் திறந்தார்.

பிறர் குழந்தைகளுக்கு இவ்வளவு செய்தவர், விவாகமாகாமல் 1898இல் தாம் பெற்ற மகன் மாரியோவை, சமூகத்தின் அபவாதத்துக்கு அஞ்சிக் கிராமத்துக் குடும்பமொன்றில் வளரவிட்டு, பின்னர் தம்முடன் அழைத்துக்கொண்ட போதும் மகனென்று வெளிப்படையாகச் சொல்ல இயலாதிருந்தார். முசோலினியின் ஆட்சியோடு பிணங்கி இத்தாலியை இழந்து, 1936இல் உள்நாட்டு யுத்தத்தால் பார்சிலோனாவையும் இழந்து தேசம் தேசமாகப் பிரயாணம் செய்த அவர், யுத்தத்தைத் தற்காலிகமாகத் தடுப்பது ராஜதந்திரிகளுக்கு இயலலாமெனினும், நிலையான சமாதானத்தை நிர்மாணிப்பது கல்விக்கே இயலும் என்று ஜெனீவாவிலும் கோபன்ஹேகனிலும் பேசினார்.

பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் குதித்ததும், பகைநாட்டுப் பிரஜை என்ற காரணத்தால் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரோ அடையாற்றுப் பிரம்மஞான சபையின் எல்லையைத் தாண்டக் கூடாதென்று கட்டளை பிறந்தது. ஆகஸ்டு 31ஆம் தேதி, அவரது எழுபதாவது பிறந்தநாளில், வைசிராய் அனுப்பிய தந்தி, பரிசாக அவருடைய மகனை விடுதலை செய்வதாகத் தெரிவித்தது. நாற்பதாண்டுகளாகத் தாயால் சொல்ல முடியாதிருந்த உறவை ஒரு சர்க்கார் தந்தி உரைத்துவிட்டதை எண்ணும்போதெல்லாம் என் மனம் கரைகிறது.

அடையாற்றிலும் கொடைக்கானலிலும் அவர் தயார்செய்த உபாத்தியாயர்களும், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை இரண்டு விரல்களால் தடவித் தடவிக் குழந்தை கற்கும் முறையும் நம் நாட்டுக்கு அவரளித்த செல்வம். எனினும், ஒவ்வோர் உபகரணத்திலும் ஒன்றே ஒன்றுதான் வைக்க வேண்டும் என்ற அவருடைய ஏற்பாட்டையே நான் அனைத்தினும் மேலாக மதிக்கிறேன். ஒரு குழந்தை மரக்கட்டைகளை அடுக்கி முடித்து, அவற்றை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கும்வரை, மற்றொரு குழந்தை பறிக்காமலும் அழாமலும் காத்திருக்கிறது. சமாதானம் என்பது அங்கே உபதேசமாக அல்ல, அன்றாடப் பழக்கமாகவே கைவருகிறது.

அந்தப் பழக்கம் நமக்கே மிகவும் தேவை. 2012 நவம்பர் 7ஆம் தேதி, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டிக் காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சாதித் துவேஷத்தால் எரிந்ததைக் கண்ட மாவட்டம் நம்முடையது. அதன்பின் போலீஸ் வந்தது, விசாரணைகள் வந்தன, நிவாரணமும் வந்தது. ஆனால் மூன்று வயதுப் பாலர்களை ஒரே பாயில் அமர்த்தும் காரியத்தை எவரும் பெரிதாக எண்ணவில்லை. ஊருக்கொன்றும் காலனிக்கொன்றுமாக அங்கன்வாடிகள் பிரிந்திருக்கும் இடங்களில், இரு சாராரும் நடந்துவரத்தக்க பொது இடத்தில் ஒரே மையத்தை அமைக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். எடை பார்ப்பதும், சத்துமாவு வழங்குவதும், பதிவேடு எழுதுவதுமாகவே பொழுது கழிந்துவிடும் அங்கன்வாடிப் பணியாளருக்குக் கூடுதலாக ஓர் உதவியாளரையும், அம்மையாரின் முறையில் முறையான பயிற்சியையும் அளிக்க வேண்டும். 2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கிய அரசாங்கத்துக்கு இது அசாத்தியமான செலவன்று. பென்னாகரத்திலும் அரூரிலும் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம்.