அலமாரியில் இருக்கும் இன்னொரு பொட்டலம்

தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

என் அம்மாவுக்கு வயது 72. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து கொதிப்பைப் பார்த்து, மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். 2021இல் தொடங்கிய அந்தத் திட்டத்தால், பஸ் ஏறிப்போய் வரிசையில் நிற்கும் அலைச்சல் அம்மாவுக்கு இல்லை. முதலில் அதற்கு நன்றி.

சென்ற மழைக்காலத்தில் அவருக்கு வறட்டு இருமல். நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரப் பொடி வாங்கி, இரண்டு வேளையும் தேனில் குழைத்துச் சாப்பிட்டார். ஒரு வாரத்தில் இருமல் நின்றது, பொடி நிற்கவில்லை. “தொண்டைக்கு இதமா இருக்கு” என்று இரண்டு மாதம் ஓடியது. கொதிப்பு ஏறியது, கால் வீங்கியது. பெரிய மருத்துவமனையில் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். பலனில்லை. கடைசியில், ஆரம்ப சுகாதார நிலையத்துச் சித்த மருத்துவர்தான் கேட்டார்: “வேற என்னம்மா சாப்பிடுறீங்க?” பொட்டலத்தைப் பார்த்ததும், “இத முதல்ல நிறுத்துங்க” என்றார். சில வாரங்களில் கொதிப்பு இறங்கியது.

அதிமதுரம் நல்ல மருந்துதான். ஆனால் அதிலுள்ள கிளைசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும். கொதிப்பு உள்ளவர் அதை மாதக்கணக்கில் சாப்பிடக் கூடாது. இது அம்மாவுக்குத் தெரியாது. பொடியை மடித்துக் கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது.

அதிமதுரம் ஓர் உதாரணம்தான். சர்க்கரை மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் பொடியும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் பூண்டு மாத்திரையும் சேர்த்துக்கொண்டால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981இலேயே ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள்.

“மூலிகைதானே, ஒன்றும் செய்யாது” என்று சித்த மருத்துவம் ஒருநாளும் சொன்னதில்லை. நஞ்சை நீக்கும் சுத்தி, மருந்தோடு சேர்த்து உண்ணும் அனுபானம், பத்தியம், இத்தனை நாள் என்ற கணக்கு எல்லாம் அதில் உண்டு. சுக்கின் தோலைச் சீவாமலும் கடுக்காயின் கொட்டையை எடுக்காமலும் நம் பாட்டிகள் மருந்து இடித்ததில்லை. சுத்தி செய்யாத சேராங்கொட்டையின் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் உயிரைக் குடிக்கும் கோல்ச்சிசின் இருக்கிறது. அதே கோல்ச்சிசின்தான், அளவோடு கொடுத்தால் கீல்வாத வகை ஒன்றுக்கு மருந்து. ஒன்றுமே செய்யாத பொருள் நோயையும் தீர்க்காது.

மூலிகையிலும் நஞ்சு உண்டு என்பது சட்டத்துக்கும் தெரியும். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் நச்சுப் பொருள் அட்டவணையில் எட்டியும் சேராங்கொட்டையும் செங்காந்தளின் கிழங்கான கலப்பைக்கிழங்கும் இருக்கின்றன. இவை சேர்ந்த உள்மருந்துப் புட்டியில், மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்று அச்சிட்டாக வேண்டும். எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும் என்கிறது விதி. என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். அவர் வாங்கிய பொட்டலத்திலோ எந்த மொழியிலும் ஓர் எழுத்து இல்லை.

மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

ஒன்று, வீடு தேடி வரும் தன்னார்வலரின் பதிவேட்டில் ஒரே ஒரு கேள்வியைச் சேருங்கள்: “நாட்டு மருந்து, கஷாயம், லேகியம் ஏதாவது சாப்பிடுகிறீர்களா? எத்தனை நாளாக?” அரசு மருத்துவமனைப் புறநோயாளிச் சீட்டிலும் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். கேட்பவர் அதட்டக் கூடாது. அதட்டினால் அடுத்த முறை ஒளித்துவிடுவார்கள்.

இரண்டு, மருந்துப் புட்டியில் அச்சிடும் அந்த எச்சரிக்கை தமிழிலும் வர மத்திய அரசை வலியுறுத்துங்கள். சில்லறையாக மடித்துத் தரும் பொடியிலும் மூலிகையின் பெயர், வேரா இலையா, பொடித்த நாள் ஆகியவற்றைக் கடைக்காரர் எழுதித்தர ஏற்பாடு செய்யுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், கைக்குழந்தைகள், நாள்பட்ட நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம் என்று கடைதோறும் தமிழில் ஒரு பலகை வையுங்கள்.

மூன்று, மூலிகை மருந்தால் தீங்கு நேர்ந்தால் அதைப் பதிவுசெய்ய ஆயுஷ் துறையில் ஏற்பாடு இருக்கிறது. சித்த மருந்துகளுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதைக் கவனிக்கிறது. அங்கே சொல்லலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதை எழுதி ஒட்டுங்கள்.

அம்மா இப்போது மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே நாட்டு மருந்துப் பொட்டலங்களையும் எடுத்துவைத்திருக்கிறார். மாதாமாதம் வருகிறவர் டப்பாவை மட்டும்தான் பார்க்கிறார். பக்கத்தில் இருப்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்