பாதாள கங்கையும் நமது கிணறுகளும்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் குடியிருப்போருக்கு, நிலத்தின் கீழே நடந்து திரியத்தக்க ஓர் உலகம் இருக்கக்கூடும் என்ற எண்ணம் எளிதில் வருவதில்லை. இங்கே காலடியில் இருப்பது இறுகிய பழம்பாறை. பெய்யும் மழையில் பெரும்பகுதி சரிவில் வழிந்து துறைமுகத்தில் கலந்துவிடும். வெடிப்புகளினூடே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலெழும் நீருக்குக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் சாட்சி. ஆயினும், இந்தப் பாறையை நீர் கரைப்பதில்லை. பெருங்குகைகள் உருவாவதற்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும்.

அந்தக் கல்லின் மீதுதான் யாழ்ப்பாணக் குடாநாடு அமர்ந்திருக்கிறது. அதன் அடியிலுள்ள குழிவுகளும் துளைகளும் நீரால் நிறைந்திருப்பதால் நாம் உள்ளே இறங்கிப் பார்க்க முடியாது. பார்க்க விரும்புவோர் ஆந்திர மாநிலத்தின் நந்தியால் மாவட்டத்திலுள்ள பேலம் குகைக்குப் போகலாம். சென்னையிலிருந்து இரயிலில் தாடிபத்திரி சென்று, அங்கிருந்து சாலை வழியாக ஒரு மணி நேரத்துக்குள் அடைந்துவிடலாம்.

மலையடிவாரத்தை எதிர்பார்த்துச் செல்வோருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. வயல்களுக்கு நடுவே, தட்டையான நிலத்தில், பாழுங்கிணறுகளைப் போன்ற பள்ளங்களே தெரியும். அவற்றுள் ஒன்றில் படிகள் வழியே இறங்கினால் குகை கிடையாக விரிந்து செல்கிறது. அளந்தறியப்பட்ட நீளம் 3,229 மீட்டர். அதில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டுள்ளது. உள்ளே புழுக்கம் அதிகம். குழாய்கள் மூலம் காற்றைச் செலுத்துகிறார்கள். அப்படியிருந்தும் சட்டை நனைந்துவிடும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் யோசித்தே இறங்க வேண்டும்.

சில இடங்களில் கூரை மண்டபம்போல உயர்ந்திருக்கிறது. சில இடங்களில் குனிந்து, தவழாத குறையாகப் போக வேண்டியிருக்கிறது. ஆலம் விழுதுகளைப் போல் கல் தொங்கும் கூடமும், ஆயிரக்கணக்கான இலிங்கங்களை அடுக்கியதுபோல் தோன்றும் கோடிலிங்கமும், தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும் கற்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் கீழே, 46 மீட்டர் ஆழத்தில், பாதாள கங்கை என்ற சிற்றோடை வந்து, சிறிது தூரம் ஓடி, மீண்டும் பாறைக்குள் மறைந்துவிடுகிறது. குகையைக் குடைந்த தச்சன் யார் என்பதை அங்கே கண்டுகொள்ளலாம். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை உட்கொண்ட மழைநீர் மெல்லிய அமிலமாகிறது. அது பல்லாயிரம் ஆண்டுகளாகக் கல்லைக் கரைத்து வழி சமைக்கிறது.

இக்குகையை 1884இல் பதிவு செய்தவர் இராபர்ட் புரூஸ் ஃபுட். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, தமிழ் நிலத்தின் தொன்மையை உலகறியச் செய்த அதே நிலவியல் அறிஞர்தான். அதன்பின் ஏறக்குறைய நூறாண்டுகள் குகையை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1982, 1983ஆம் ஆண்டுகளில் டேனியல் கெபாவர் தலைமையில் வந்த ஜெர்மானியக் குழுவினர் விரிவாக ஆராய்ந்து வரைபடம் தயாரித்தனர். 2002இல் ஆந்திர சுற்றுலாத் துறை பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

இந்த வரலாற்றில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. 1988 வரை அந்தக் குகை சுற்றுப்புற மக்களின் குப்பைக்கிடங்காக இருந்தது. கீழே நீரோடுகிறது என்பதையோ, அந்த நீர் எங்கோ ஒரு கிணற்றில் போய்ச் சேரும் என்பதையோ எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. பின்னர் ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஒருவரும் உள்ளூர்வாசிகளும் சேர்ந்து துப்புரவு செய்தார்கள். அவர்கள் அன்று முன்வந்திராவிட்டால் இன்று நாம் பார்ப்பதற்கு அங்கே எதுவும் எஞ்சியிராது.

இனி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத அந்நிலத்தில் குடிப்பதும் குளிப்பதும் தோட்டம் செய்வதும் கிணற்று நீரால்தான். கல்லின் துளைகளில் தேங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மீது ஒரு வில்லைபோல மிதக்கிறது. நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயே. நிலாவரையில் எலுமிச்சம்பழம் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்பார்கள் ஊரில் மூத்தவர்கள். அதை யாரும் போட்டுப் பார்த்தார்களோ என்னவோ, நிலத்தடியில் எல்லாம் ஒன்றோடொன்று தொடுப்புடையது என்ற அறிவு அந்தப் பேச்சில் இருக்கிறது.

சுன்னாகம் அந்த அறிவை நமக்குக் கசப்பாகப் புகட்டியது. அங்கிருந்த அனல்மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது தொடர்பான வழக்கில், 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது; ஆகவே மக்கள் வீதிக்கு வந்தார்கள். மலசலகூடக் குழிகளிலிருந்தும் அளவுமீறிய யூரியாவிலிருந்தும் கசியும் நைத்திரேற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக எச்சரித்தும் எவரும் அசைவதில்லை. மணல் நிலத்தில் நீர் மெல்ல வடிந்து ஓரளவு தூய்மையடையும். வெடிப்புகள் மலிந்த சுண்ணாம்புக்கல்லில் மேலே ஊற்றியது அப்படியே கீழே போய்ச் சேரும்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகக் கல் அகழ்ந்த பெரும் பள்ளங்கள் 1990இல் போரால் உற்பத்தி நின்ற பின்னும் கிடக்கின்றன. சுண்ணாம்புக்கல்லை வெறும் மூலப்பொருளாக மதிப்பிடுவோர் அதன் இன்னொரு பெயர் நீர்த்தொட்டி என்பதை மறந்துவிடுகிறார்கள். அகழ்வு வேலை தரும் என்ற வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. வேலையற்ற இளைஞனுக்கு அது பெரிய விடயம். ஆனால் அவன் வீட்டுக் கிணறு உவர்த்துப்போனால் அந்தச் சம்பளத்தில் பாதியைத் தண்ணீருக்கே கொடுக்க நேரும்.

எனவே, செய்யத்தக்கவை சில. கல் அகழ்வுக்கு அனுமதி தருமுன் அவ்விடத்து நிலத்தடி நீரோட்டத்தை ஆராய்ந்து, அந்த அறிக்கையை ஊராரின் முன் தமிழில் வைக்க வேண்டும். கைவிடப்பட்ட பள்ளங்களில் குப்பை கொட்டுவதை முற்றாகத் தடுக்க வேண்டும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலான தூரத்தை உள்ளூராட்சி மன்றங்கள் ஏட்டளவில் அல்லாமல் நேரில் அளந்து பார்க்க வேண்டும். புலம்பெயர்ந்த நம் உறவுகள் கோயில் கோபுரங்களுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை, ஊர்க் கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் பரிசோதிப்பதற்கு அனுப்பலாம்.

இந்தியச் சுற்றுலாவில் திருப்பதியையும் தி.நகரையும் பார்த்துத் திரும்பும் நம்மவர்கள், ஒருநாளைப் பேலத்துக்கும் ஒதுக்குங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பாதாள கங்கையின் அருகே நின்று, நம் வீட்டுக் கிணற்றின் அடியிலும் இப்படித்தான் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.