கொர்வாலிஸ் பேருந்துகளில் மீண்டும் கட்டணம் வேண்டாம்: எங்கள் நிலைப்பாடு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள எங்கள் கொர்வாலிஸ் நகரில், 2011 பிப்ரவரி முதல் நகரப் பேருந்தில் யாரும் காசு கொடுத்து ஏறுவதில்லை. மாணவர், முதியவர், ஊருக்கு நேற்று வந்தவர் என்ற வேறுபாடு இல்லை. ஆனாலும் நகராட்சிக்குப் பணமுடை வரும்போதெல்லாம், “ஒரு டாலராவது வாங்கினால் என்ன?” என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். இவ்வூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் மாணவர்களும் சேர்ந்த சங்கம் என்ற முறையில் எங்கள் பதிலை எழுதி வைக்கிறோம். வாங்கக் கூடாது. யாரிடமும் வாங்கக் கூடாது. எவ்வளவு சிறிய தொகையானாலும் வாங்கக் கூடாது.

எங்களில் யார் இந்தப் பேருந்தை நம்பி இருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்காக செப்டம்பரில் வந்து இறங்கும் மாணவரிடம் காரும் இருக்காது, ஓட்டுநர் உரிமமும் இருக்காது. அவருக்காவது உதவித்தொகை வரும். அவரோடு எஃப்-2 விசாவில் வரும் மனைவிக்கோ கணவருக்கோ இந்த நாட்டில் வேலை செய்யவே அனுமதி இல்லை. கையில் சொந்தமாக ஒரு டாலர்கூட வராத அந்த மனிதர் நூலகத்துக்குப் போகவும், காய்கறி வாங்கவும், குழந்தையைப் பூங்காவுக்கு அழைத்துப் போகவும் ஒவ்வொரு முறையும் இன்னொருவரிடம் காசு கேட்டு நிற்க வேண்டும் என்றால், அவர் கேட்க மாட்டார், போகவும் மாட்டார். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் வந்து தங்கும் அம்மா, அப்பாக்களின் நிலையும் இதுதான். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு ஊர் பார்க்கக் கிளம்பும் அந்தப் பெரியவர்களுக்குச் சில்லறை கணக்கும் பயண அட்டையும் கைப்பேசிச் செயலியும் வேண்டியதில்லை. பேருந்து வந்தால் ஏறலாம்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போய்வருகிறார்கள். அந்த ‘விடியல் பயணம்’ எங்கள் வீட்டுப் பெண்களின் நடமாட்டத்தை எப்படி மாற்றியது என்பதை நாங்கள் அறிவோம். வேலை தேடிப் பக்கத்து ஊருக்குப் போவதற்கும் தாய் வீட்டுக்கு ஒரு நடை போய்வருவதற்கும் அவர்கள் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏறக்குறைய 60,000 பேர் வாழும் கொர்வாலிஸ் இதையே எல்லோருக்குமாக, அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது. அதை இழக்க நாங்கள் தயாராக இல்லை.

இனி பணத்தைப் பற்றி. பேருந்துக்கு ஆகும் செலவை யாரோ கொடுக்கத்தான் வேண்டும். இங்கே அதில் தன் பங்கை ஊரே முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறது. மாதந்தோறும் வீட்டுக்கு வரும் குடிநீர்க் கட்டண ரசீதில் பேருந்துக்கென்று ஒரு வரி இருக்கும். நடைபாதைப் பராமரிப்புக்கும் தெரு மரங்களுக்கும் வாங்கும் சிறு கட்டணங்களும் அதே ரசீதில்தான் வருகின்றன. 2011-இல் தொடங்கியபோது தனி வீடு ஒன்றுக்கு மாதம் 2.75 டாலர். அடுக்குமாடி வீட்டுக்கு அதைவிடக் குறைவு. கடைக்கும் நிறுவனத்துக்கும் அது எத்தகைய தொழில், எவ்வளவு போக்குவரத்தை உண்டாக்குகிறது என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். இந்தக் கட்டணத்தை ஓரிகனில் ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர், பெட்ரோலின் சராசரி விலையோடு கட்டிவைத்ததைத்தான் நாங்கள் மிகவும் மதிக்கிறோம். பெட்ரோல் விலை ஏறினால் பேருந்தில் ஏறுவோர் கூடுவார்கள், பேருந்தின் எரிபொருள் செலவும் கூடும். அதே வேகத்தில் வருமானமும் கூடும். விலை எவ்வளவு சரிந்தாலும் கட்டணம் 2.75 டாலருக்குக் கீழே இறங்காது. ஒரு வீடு மாதம் முழுக்கக் கொடுப்பது ஒரு கேலன் பெட்ரோலின் விலை. கார் வைத்திருப்பவருக்கும் இது புரியும் கணக்கு.

2011-க்கு முன்பு நகரத்தின் பங்கு பொது நிதியிலிருந்து வந்தது. காவல், தீயணைப்பு, நூலகம் எல்லாம் கை நீட்டும் அதே நிதியிலிருந்துதான் பேருந்தும் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தீயணைப்பு வண்டியா, மாலை நேரப் பேருந்தா என்று நகர மன்றத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பேருந்து தோற்கும். ஆகவே இந்தத் தனிக் கட்டணத்தை நீக்கிவிட்டுப் பழையபடி பொது நிதிக்குப் போகலாம் என்ற யோசனையையும், பயணக் கட்டணத்தைக் கொண்டுவரும் யோசனையை எதிர்ப்பது போலவே உறுதியாக எதிர்க்கிறோம்.

பயணியிடம் வாங்கும் காசு முழுதாக நகரத்துக்கு வந்து சேரும் என்று நினைப்பவர்கள் கூட்டாட்சி அரசின் விதிகளைப் பார்க்க வேண்டும். இரண்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நகர்ப்பகுதிகளுக்கு, பேருந்தை ஓட்டும் செலவில் பாதி வரை கூட்டாட்சி அரசு மானியம் தரலாம். ஆனால் அந்தப் பாதி மொத்தச் செலவில் பாதி அல்ல. பயணக் கட்டண வருமானத்தை முதலில் கழித்துவிட்டு, மிச்சமுள்ள செலவில்தான் பாதி. நகரம் தன் பங்காகக் காட்ட வேண்டிய தொகையாகவும் பேருந்தின் உண்டியலில் விழுந்த பயணக் காசைக் காட்ட முடியாது. குடிநீர் ரசீது வழியாக வரும் பணத்தைக் காட்டலாம். அதோடு, இப்படிப்பட்ட சிறு நகரங்களில் பேருந்துச் சேவை நன்றாக நடந்தால் கூடுதல் மானியம் தரும் ஏற்பாடும் உண்டு. தலைக்கு எத்தனை பயணம் என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. கட்டணம் வைத்துப் பயணிகளை விரட்டும் நகரம் அந்த அளவுகோலிலும் சறுக்கும்.

பேருந்து நிறுத்தத்தில் நடப்பதைப் பார்த்தாலே மீதி விளங்கும். நம் ஊர்ப் பேருந்து போல இங்கே நடத்துநர் கிடையாது. ஓட்டுநர் ஒருவர்தான். கட்டணம் வந்தால் காசு வாங்குவதும் அவர், பையைத் துழாவுபவருக்காகக் காத்திருப்பதும் அவர், சில்லறை போதவில்லை என்று சண்டைக்கு வருபவரைச் சமாளிப்பதும் அவர். தடங்கள் நகர மையத்திலுள்ள நிலையத்தில் கூடி, அங்கிருந்துதான் பயணிகள் வண்டி மாறுகிறார்கள். சில தடங்களில் மணிக்கு ஒரு வண்டிதான். நிறுத்தத்துக்கு நிறுத்தம் சேரும் அரை நிமிடத் தாமதம் ஒருவரை இணைப்பு வண்டியைத் தவறவிட வைத்து, அவருடைய நாளில் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி ஒரு செய்தியைத் தனியே சொல்ல வேண்டும். 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, வழக்கமான பேருந்தில் ஏற இயலாதவர்களுக்கு முன்பதிவின் பேரில் தனி வண்டி அனுப்ப வேண்டும். அதற்கு வாங்கும் கட்டணம் பேருந்துக் கட்டணத்தின் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. பூஜ்யத்தின் இரு மடங்கு பூஜ்யம்தான். பேருந்துக்கு ஒரு டாலர் வைத்தால், சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் இரண்டு டாலர் வரை கேட்கும் வழி அன்றே திறந்துவிடும். ‘சிறு கட்டணம்’ என்று பேசுபவர்கள் இந்த விளைவைச் சொல்வதே இல்லை.

மாணவர்களுக்கு மட்டும் தொடர்ந்து கட்டணமில்லாமல் விட்டு, மற்றவர்களிடம் வாங்கலாம் என்பது இன்னொரு யோசனை. எங்கள் சங்கத்தில் மாணவர்கள் அதிகம். ஆனாலும் இதை ஏற்க மாட்டோம். 2011-க்கு முன்பு நிலைமை அப்படித்தான் இருந்தது. பல்கலைக்கழகம் மொத்தமாகப் பணம் செலுத்தியதால் அதன் அட்டை வைத்திருந்தவர்கள் அதைக் காட்டி ஏறினார்கள். விடுதி அறையைத் துப்புரவு செய்யப் போகும் தொழிலாளி காசு போட்டு ஏறினார். அந்தப் பிரிவினைக்கு நாங்கள் துணை போக முடியாது.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் எங்களைக் கனமாக யோசிக்க வைத்தது ஒன்று. மணிக்கு ஒரு முறை வரும் இலவசப் பேருந்தைவிட, ஒரு டாலர் வாங்கிக்கொண்டு கால் மணிக்கு ஒன்று வருவது மேல் அல்லவா என்கிறார்கள். அப்படி ஒரு பண்டமாற்று உண்மையிலேயே கிடைத்தால் யோசிக்கலாம். கிடைக்காது. சிறு நகரத்தில் உண்டியல் வருமானம் மொத்தச் செலவில் ஒரு சிறு பங்குதான். பெட்டி வாங்கவும் பழுது பார்க்கவும் எண்ணவும் ஆகும் செலவைக் கழித்தால் மேலும் சுருங்கும். நான்கு மடங்கு வண்டிகளை ஓட்ட அது எந்த மூலைக்கும் காணாது. அடிக்கடி வண்டி வேண்டுமென்றால் அதற்கான பணம் ரசீதிலிருந்தும் பல்கலைக்கழகத்திடமிருந்தும் மாநிலத்திடமிருந்தும்தான் வர வேண்டும். 2018 ஜூலை முதல் ஓரிகனில் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரிடமும் ஆயிரத்துக்கு ஒரு டாலர் வீதம் பொதுப் போக்குவரத்துக்காகப் பிடிக்கிறார்கள். எங்கள் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள்.

பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரத்தையும் மேற்கோள் காட்டுவார்கள். அங்கே 1997-இல் பேருந்துக் கட்டணத்தை நீக்கினார்கள். பயணிகள் பல மடங்கு பெருகினார்கள். செலவும் ஏற, 2013-இல் பெரும்பாலானோருக்குக் கட்டணம் திரும்பிவிட்டது. அது உண்மை. பயணிகள் பெருகும்போது கூடவே வளரும் வருமானம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஹாசெல்ட் காட்டுகிறது. எங்கள் கட்டணம் சேவைச் செலவோடு வளர வேண்டும் என்று நாங்கள் கேட்பது அதனால்தான். வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் பல்கலைக்கழகமும் சாப்பல் ஹில், கார்பரோ ஆகிய இரண்டு ஊராட்சிகளும் செலவைப் பங்கிட்டுக்கொண்டு 2002 முதல் கட்டணமின்றி ஓட்டுகின்றன. எங்களுக்குப் பொருத்தமான உதாரணம் அது.

டெக்சாஸின் ஆஸ்டினில் 1989-90-இல் நடந்த சோதனையைச் சொல்லி, காசு வாங்காவிட்டால் பேருந்தில் ஒழுங்கு கெடும் என்பவர்களுக்கும் பதில் உண்டு. அது பெருநகரம். தொல்லை கொடுப்பவரை இறக்கிவிட நடத்தை விதி வேண்டும், ஓட்டுநருக்கு உடனே துணை வர ஆள் வேண்டும். ஒரு டாலர் கையில் இருப்பது ஒருவரை நல்லவராக்காது. வீடில்லாத ஒருவர் மழைக்காலத்தில் பேருந்தின் வெதுவெதுப்பில் அமைதியாக உட்கார்ந்து வருவதைத் தொல்லை என்று நாங்கள் எண்ணவில்லை.

நகர மன்றத்திடம் எங்கள் கோரிக்கைகள் மூன்று. குடிநீர் ரசீதில் உள்ள பேருந்துக் கட்டணம் தனியாகவே தொடர வேண்டும். அதை உயர்த்த நேர்ந்தால் எங்கள் வீடுகளும் கொடுக்கும். பல்கலைக்கழகத்தின் பங்களிப்பு மாணவர் எண்ணிக்கை ஏற ஏறத் தானாக உயரும்படி ஒப்பந்தம் அமைய வேண்டும். புதிதாகக் கிடைக்கும் பணத்தில், தடத்தை நீட்டுவதற்கு முன் இருக்கும் தடங்களில் அரை மணிக்கு ஒரு வண்டி விட வேண்டும்.

எங்கள் உறுப்பினர்களிடமும் ஒன்று கேட்கிறோம். சொந்த வீடு வாங்கி, இரண்டு கார் வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். இந்தக் கட்டணத்தை எதிர்ப்பவர்கள் மன்றத்துக்குத் தவறாமல் எழுதுகிறார்கள்; மனமுவந்து கொடுப்பவர்கள் எழுதுவதில்லை. நீங்கள் பேருந்தில் ஏறாவிட்டாலும், ரசீது உங்கள் பெயரில் வருகிறது என்றும் அந்த வரி அதில் நீடிக்க வேண்டும் என்றும் உங்கள் வார்டு உறுப்பினருக்கு நாலு வரி எழுதுங்கள். எழுத உதவி வேண்டுபவர்களுக்குச் சங்கத்தின் மாணவர்கள் உதவுவார்கள்.